ஏழுமலையின் சவ்வுக்கு என்ன வயது?

பை மாற்றுவது எப்படி, கை கழுவுவது எப்படி என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுப்பார்கள். ஓய்வுபெற்ற நர்ஸைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால், தனக்குப் பிடித்ததைத்தான் பேசுவாள். எனக்குப் பிடித்த விஷயம் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தோல்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் பாஷையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் கைவிட்ட பிறகு ரத்தத்தைச் சுத்தம் செய்ய இரண்டு வழி. ஒன்று, வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து மெஷினில் படுத்துக்கொள்வது. இன்னொன்று, வீட்டிலேயே செய்துகொள்கிற நம்முடைய வயிற்று டயாலிசிஸ். சர்க்கரை கலந்த மருந்துத் தண்ணீரைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுகிறோம். குடலைச் சுற்றியிருக்கும் சவ்வு, ரத்தத்திலிருந்து கழிவையும் கூடுதல் நீரையும் அந்தத் தண்ணீருக்குள் விடுகிறது. சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டு, புதிய பையை ஏற்றுகிறோம். விட்டதைவிட வடிவது அதிகமாக இருக்க வேண்டும். அந்த அதிகம்தான் நோயாளியின் உயிர்.

முட்டையை உரிக்கும்போது ஓட்டுக்கு அடியில் ஒரு தோல் வருமே, ஏறக்குறைய அப்படி இருக்கும் அந்தச் சவ்வு. இவ்வளவு மெல்லிய ஒன்று வருஷக்கணக்காக எப்படி உழைக்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஆச்சரியம். தலைமுடி நரைக்கிறது, கண் மங்குகிறது, முட்டி தேய்கிறது. அப்படியானால் இந்தச் சவ்வும் கிழடாகுமா? எழுபது வயதுக்காரரின் சவ்வும் முப்பது வயதுக்காரனின் சவ்வும் ஒன்றாக வேலை செய்யுமா? அறுவைசிகிச்சை செய்யும் டாக்டர்களைக் கேட்டுத் தொந்தரவு செய்திருக்கிறேன். "கண்ணால பாத்தா தெரியாது சிஸ்டர்" என்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாததைக் கொஞ்சம் கொஞ்சமாக நோயாளிகளிடம்தான் கற்றுக்கொண்டேன். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்த ஓர் இளைஞன் இருந்தான். உலைப் பக்கத்தில் வேலை, தாகம் அடங்காது. தண்ணீரும் டீயுமாகக் குடித்துவிடுவான். உடம்பில் சேரும் நீரை இழுக்க அவனுக்குச் சர்க்கரை மிகுந்த சிவப்புப் பையையே அடிக்கடி போடவேண்டி வந்தது. சில வருஷத்தில் அவன் சவ்வு தடித்துப்போய், சர்க்கரையை வேகமாக உறிஞ்ச ஆரம்பித்தது. சர்க்கரை போய்விட்டால் நீரை இழுக்க ஏது பலம்? விட்டதுகூடத் திரும்பி வரவில்லை. அவன் தாடியில் ஒரு நரை கிடையாது. சவ்வு மட்டும் கிழடு.

ஆக, சவ்வுக்கு இரண்டு வயது உண்டு என்று எனக்குப் புரிந்தது. ஒன்று ஆளோடு சேர்ந்து பிறந்த வயது. இன்னொன்று, அது எத்தனை வருஷம், எவ்வளவு கடுமையான சர்க்கரையில் ஊறியது என்கிற வயது. முதல் வயது மெதுவாகத்தான் கைவைக்கும். ஆளுக்கு ஆள் மாறும். இரண்டாவது வயது கொஞ்சம் முரட்டுத்தனமானது. இதைத் தெரிந்துகொண்டதும் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். அப்போதுதான் ஏழுமலை பெரியவர் வந்து என்னைக் குழப்பினார்.

அவர் காலாப்பட்டு பக்கத்து மீனவர். வயது எழுபதைத் தாண்டியவர். இளமையில் கடலுக்குப் போனவர், பிறகு கரையில் மீன் ஏலம் விட்டவர். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எங்கள் வெளிநோயாளிப் பிரிவில் அவர் "வணக்கம் சிஸ்டரம்மா" என்றால் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார். அவருக்குப் பை மாற்றுவது மருமகள் தனலட்சுமி. மகன் படகில் போனால் கரைக்கு வரச் சில நாள் ஆகும் என்பதால் எல்லாம் அவள் பொறுப்புதான். சுனாமி அன்று ஊரே பாத்திரம் பண்டத்தை விட்டுவிட்டு ஓடியபோது, இவள் மாமனாரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மருந்துப் பைகள் இருந்த அட்டைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியவள். நான்கு வருஷத்தில் ஒருமுறைகூட அவருக்கு வயிற்றில் கிருமி வந்ததில்லை. படித்த வீடுகளிலேயே அது நடக்காத காரியம்.

அப்படிப்பட்டவருக்கு நீர் வடிவது குறைய ஆரம்பித்தது. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த புதுக் குடியிருப்புக்கு வீடு மாறிப் பல மாதம் ஆகியிருந்தது. முதலில் கால் வீங்கியது. சர்க்கரை கொஞ்சம் கூடுதலான பச்சைப் பை போட்டார்கள். முகம் வீங்கியது. சிவப்புப் பை போட்டார்கள். ஒரு வாரம் வந்தபோது, ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்கினார். அந்தக் குரல் பக்கத்துப் படுக்கைக்குக்கூடக் கேட்கவில்லை.

சவ்வைச் சோதிக்கும் பரிசோதனையைச் செய்தோம். காலையில் பை ஏற்றி, சில மணி நேரம் வைத்து, வடித்து, கணக்குப் பார்ப்பது. வடிந்தது ரொம்பக் குறைவு. எங்கள் டாக்டர் அவசரக்காரர் இல்லை. படம் எடுத்துப் பார்த்தார். வயிற்றுக்குள் குழாயின் முனை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. நோயாளியைக் கேள்வி கேட்டார். தண்ணீர் அதிகம் குடிக்கிறீர்களா, இல்லை. உப்பு, கருவாடு? இல்லை. மலம் ஒழுங்காகப் போகிறதா? போவுது. கடைசியில் பெருமூச்சு விட்டு, "சவ்வுக்கு வயசாயிடுச்சி பெரியவரே" என்றார்.

"வல கிழிஞ்சா தைக்கிறோம். அத தைக்க முடியாதா டாக்டரே?"

"கிழியல. தடிச்சிப் போச்சி. இனிமே அது தண்ணிய இழுக்காது. மெஷினுக்கு மாறிடலாம்."

பெரியவர் மருமகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஏன் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன்னால், நோய் கண்டுபிடித்த புதிதில், அவசரத்துக்கு அவரை மெஷினில்தான் போட்டோம். அவர் இதயம் பலவீனமானது. மெஷின் நீரை இழுக்க ஆரம்பித்ததும் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கி, ஆளைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால்தான் வயிற்று டயாலிசிஸுக்கு வந்தார்.

"மெஷின்ல போட்டா அங்கியே பூடுவேன்" என்றார் பெரியவர், கோபமில்லாமல். "வூட்லியே இருந்துட்டுப் போறன்."

டாக்டர் மறுக்கவில்லை. மெஷினில் போனால் ஆபத்து, போகாவிட்டால் நுரையீரலில் நீர் சேர்ந்து நிச்சயம் போய்விடுவார். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தனலட்சுமி அழுது, மகனிடம் போனில் பேசி, ஒருவழியாகப் பெரியவரைச் சம்மதிக்க வைத்தாள். இரண்டு நாள் கழித்து வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டு மெஷினுக்காகக் கழுத்தில் குழாய் போடுவது என்று முடிவாயிற்று.

எனக்கு இரண்டு விஷயம் உறுத்தியது. பரிசோதனையில் வடிந்த அளவு குறைந்திருந்ததே தவிர, கழிவும் சர்க்கரையும் சவ்வைக் கடந்த வேகம் ஆரம்பத்தில் இருந்த மாதிரியேதான் இருந்தது. தட்டாஞ்சாவடிப் பையனுக்கு அந்த வேகம் எகிறியிருந்தது. கிழடான சவ்வு பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். டாக்டரிடம் சொன்னேன். "சில பேருக்கு வேகம் மாறாமலும் தண்ணி குறையும் சிஸ்டர், வயசானவங்க வேற" என்றார். அது உண்மைதான். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டாவது விஷயம் தனலட்சுமி சொன்னது. தாழ்வாரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, வடிவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று சும்மா கேட்டேன்.

"முன்னல்லாம் சோறு வடிக்கிற நேரத்துல முடிஞ்சிரும் சிஸ்டர். இப்ப கொழம்பே வச்சி எறக்கிடலாம். சொட்டு சொட்டா வருது. ஒரு பக்கமா சாஞ்சி உக்காந்தா கொஞ்சம் வருது, நேரா உக்காந்தா நின்னுபோவுது."

எனக்குச் சுருக்கென்றது. சவ்வின் வேலை நீரை இழுப்பது. வெளியே விடுவது குழாயின் வேலை. சவ்வு கெட்டால் வருவது குறைவாக இருக்கலாம், ஆனால் வருகிற கொஞ்சமும் மளமளவென்று வந்துவிட வேண்டும். உட்காருகிற வாக்கைப் பொறுத்து நீர் வருகிறது, நிற்கிறது என்றால் உள்ளே எதுவோ வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அப்படியானால் பரிசோதனையிலும் சவ்வு இழுத்த நீர் பூராவும் வெளியே வரவில்லை, உள்ளேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். டாக்டரிடம் மறுபடி போய் நின்றேன். எத்தனை முறைதான் போய் நிற்பது என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

"போய் வீட்டைப் பாத்துட்டு வாங்க" என்றார் அவர். "ஆனா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். அந்த ஆளால அதுக்கு மேல தாங்க முடியாது."

என் வீடு அரியாங்குப்பத்தில். மறுநாள் காலை இரண்டு காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் நிலையத்தில் வெயில் தாங்காமல் ஒரு கரும்புச்சாறு வேறு. காலாப்பட்டு பஸ் முத்தியால்பேட்டையில் ஊர்வலம் ஒன்றில் மாட்டிக்கொண்டு நின்றது. நான் எதற்கு இதையெல்லாம் சொல்கிறேன் என்று யோசிக்கிறீர்கள். பொறுங்கள், காரணம் இருக்கிறது.

குடியிருப்பு கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, கடலைவிட்டு நன்றாகத் தள்ளி இருந்தது. அலை வராத இடமாகப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். முன் அறை, ஒரு சமையலறை, பின்னால் ஓர் அறை. தனலட்சுமி என்னைப் பெருமையோடு பின்னால் அழைத்துப் போனாள். "இதான் சிஸ்டர் டயாலிசிஸ் ரூம்பு."

நான் அசந்துபோனேன். சுவரில் பாதி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ். மேலே சின்ன ஜன்னல், அதற்குக் கொசுவலை. தாழ்ப்பாள் போட்ட கதவு. சுவரில் உயரமாக ஆணி அடித்துப் பை மாட்ட வசதி. கைகழுவ வாளி, சோப்பு, மூடிபோட்ட குப்பைக்கூடை. தரையில் ஒரு பலகை, அதன்மேல் துடைத்துவைத்த மெழுகுத்துணி, அதன்மேல் பெரியவர் உட்கார ஒரு நாற்காலி. ஒரு தூசி இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி அறை இதற்கு உறை போடக் காணாது. வீடு மாறிய புதிதில் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. டைல்ஸ் போட்டு, கதவு வைத்துத் தனி அறை ஒன்று இருக்கிறது என்றாள். நானும் சந்தோஷமாக, அதையே வைத்துக்கொள், வேறு எதற்கும் அந்த அறையைப் புழங்காதே, யாரையும் உள்ளே விடாதே என்றேன். சொன்ன சொல்லை ஒரு எழுத்து பிசகாமல் காப்பாற்றியிருந்தாள்.

பெரியவர் முன் அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். குழாயைப் பார்த்தேன், எங்கும் மடங்கவில்லை. பையை எந்த உயரத்தில் மாட்டுகிறாள், வடியும் பையை எங்கே வைக்கிறாள், எல்லாம் கேட்டேன். எல்லாம் சரி. கண்டுபிடிக்க ஒன்றுமில்லாமல் கிளம்ப வேண்டியதுதான் என்று தோன்றியது. அதற்குள் கரும்புச்சாறு தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது.

"பாத்ரூம் எங்கம்மா இருக்குது?" என்று கேட்டேன்.

தனலட்சுமி முகம் மாறியது. அடுத்த வீட்டைப் பார்த்தாள். பிறகு, "செத்த இருங்க சிஸ்டர், பக்கத்துல கேட்டுட்டு வர்றன். அவங்க அதுல வல போட்டு வச்சிருக்காங்க, எடுக்கச் சொல்றன்" என்றாள்.

"ஏன், உங்க வீட்ல இல்லியா?"

அவள் மெதுவாகப் பின்னால் திரும்பி அந்த வெள்ளை அறையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மெழுகுத்துணி, அதற்கு அடியில் பலகை. பலகைக்கு அடியில் என்ன இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் கக்கூஸ் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பாதிப் பேர் அதில் வலையோ விறகோ போட்டுவைத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கடற்கரைக்குப் போய்ப் பழகியவர்கள். சாப்பிடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அதற்கும் இடமா என்று அருவருப்பு. பெண்கள் விடிவதற்கு முன்னால் சவுக்குத் தோப்புக்குப் போனார்கள். ஆண்கள் ரோட்டைத் தாண்டிக் கரைக்குப் போனார்கள். வீட்டிலேயே சுத்தமான, டைல்ஸ் போட்ட, கதவு உள்ள, யாரும் புழங்காத அறை எது என்றால் அதுதான். தனலட்சுமி யோசித்தது முழுக்க முழுக்கச் சரி.

"அப்ப மாமா எங்க போறாரு?" என்றேன்.

"கரைக்குத்தான் போவாரு."

"இந்தக் காலோடவா? ரோட்டத் தாண்டியா?"

மாமனாரிடம் மருமகள் கேட்கக்கூடிய கேள்வியா அது? அவருக்கு மருந்து கொடுத்தாள், சோறு போட்டாள், வயிற்றிலிருந்து நீரையே வடித்தாள். இது ஒன்றை மட்டும் அவள் கேட்டதில்லை.

நான் முன் அறைக்குப் போய்ப் பெரியவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தனலட்சுமியைக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் பேச்சை எடுத்தேன். முதலில் மழுப்பினார். நான் விடவில்லை.

"புள்ள கரையில இருந்தா வண்டில வச்சி இட்டுனு போவான். அவன் கடலுக்குப் போயிட்டா..." நிறுத்தி மூச்சு வாங்கினார். "அடக்கிக்குவன்."

"எத்தினி நாளைக்கி?"

"அவன் வர்ற வரைக்கும். அதான் சோத்தையும் கொறச்சிக்கினேன்."

"டாக்டரு கேட்டப்பல்லாம் போவுதுன்னீங்களே."

"போவுதுதான. பொய்யா சொன்னன்?"

"உள்ளயே போறதுக்கு இருக்குதே, அதுல போயிருக்கலாமில்ல?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "இன்னாம்மா பேசுற. அந்த ரூம்ப எம்மருமவ கோயிலு மாதிரி வச்சிருக்குது. யாரும் உள்ள போவக்கூடாது, கிருமி வரும்னு நீதான சொன்ன. எனக்காவ அது அந்தப் பாடுபடுது. நான் போயி அதுல..." முடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடல் பக்கத்தில் வீடு இருந்தவரை அவருக்குப் பிரச்சினையே இல்லை. வீடு தள்ளிப்போனதும் நடை கூடியது, போவது குறைந்தது. குடல் நிரம்பிக் குழாயை அழுத்தியது, நீர் உள்ளே தங்கியது, கால் வீங்கியது. கால் வீங்கியதும் நடக்க முடியவில்லை, போவது இன்னும் குறைந்தது. நாங்கள் அதற்குச் சவ்வின் வயது என்று பெயர் வைத்தோம்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் நம் தொழிலில் ஆபத்தானது. நான் நினைத்தது சரியாக இருக்கலாம். அதோடுகூடச் சவ்வும் உண்மையிலேயே கெட்டிருக்கலாம். வீட்டிலேயே பேதிக்குக் கொடுத்துப் பார்க்கலாம், மெஷினைத் தள்ளிப்போடலாம் என்று மனசு சொன்னது. ஆனால் உட்கார்ந்தபடி மூச்சு வாங்குகிற ஆள். என் யூகம் தப்பாகி, சாலை ஓரத்தில் ஆட்டோவுக்காக நிற்கும்போது அவருக்கு ஏதாவது ஆனால், தனலட்சுமி முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? தெருவில் நின்று டாக்டருக்குப் போன் செய்தேன்.

"நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேனே சிஸ்டர். போவுதுன்னாரே."

"ஆமா சார். போவுதான்னு கேட்டோம். எங்க போறீங்கன்னு கேக்கல."

"கூட்டிட்டு வந்துடுங்க. ஆபரேஷன் தியேட்டர் நேரத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாளைக்குக் காலைல வரைக்கும் பாக்கலாம். வடியலைன்னா குழாயை எடுத்துடுவேன்" என்றார். அது சரியான முடிவு. என்னையும் நம்பினார், பெரியவரையும் காப்பாற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். ஆக்சிஜன் வைத்தோம். எனிமா கொடுத்தோம், சிரப் கொடுத்தோம். அங்கே உள்ள கக்கூஸ் மருமகளின் கோயில் இல்லை என்பதால் அவருக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. அந்த விவரங்கள் உங்களுக்கு வேண்டாம். மூன்று முறை போனார் என்பது மட்டும் போதும்.

காலையில் வடிப்பதற்குக் குழாயைத் திறந்தபோது டாக்டர், நான், தனலட்சுமி மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். தரையில் கிடந்த பை உப்ப ஆரம்பித்தது. சொட்டாக இல்லை, ஒழுக்காக வந்தது. விட்டது வந்தது, அதற்கு மேலும் வந்தது. நாங்கள் அவசரமாக இன்னொரு பையை மாட்டினோம். வயிற்றுக்குள் பழைய நீர் அவ்வளவு தேங்கியிருந்தது. "சோறு வடிக்கிற நேரம்தான் சிஸ்டர்" என்றாள் தனலட்சுமி. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். டாக்டர் தியேட்டருக்குப் போன் செய்து நேரத்தை ரத்து செய்தார்.

வீக்கம் வடிய ஒரு வாரம் பிடித்தது. சிவப்புப் பையை நிறுத்தினோம். பிறகு பச்சையையும் நிறுத்தினோம். சில வாரம் கழித்துப் பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது அவர் சவ்வு ஏறக்குறைய ஆரம்பத்தில் இருந்தது போலவே வேலை செய்தது. எழுபது வயதைத் தாண்டிய ஆளுக்கு அப்படி ஒரு சவ்வு. "டாக்டரே, என் சவ்வுக்கு இன்னா வயசு?" என்று கேட்டார் பெரியவர். "உங்களைவிடச் சின்னப் பையன்" என்றார் டாக்டர்.

எனக்கு அந்தச் சிவப்புப் பைகளை நினைத்துத்தான் பயமாக இருந்தது. சவ்வு கிழடு என்று நாங்கள் நினைத்தோம். அதனால் கடுஞ்சர்க்கரைப் பையைக் கொடுத்தோம். அதைக் கொடுத்துக்கொண்டே போயிருந்தால் தட்டாஞ்சாவடிப் பையனுக்கு ஆனது இவருக்கும் ஆகியிருக்கும். அப்புறம் யாராலும் எங்கள் தவறைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நாங்கள் சொன்னதே உண்மையாகியிருக்கும். வயதானவர் ஒருவர் வந்தால் எதைப் பார்த்தாலும் வயது என்று சொல்லிவிடுவது நமக்குச் சுலபம். வயது மறுத்துப் பேசாது.

கதை இதோடு முடியவில்லை, ஏனென்றால் அறை ஒன்றுதான். அது டயாலிசிஸ் அறையா, கக்கூஸா? இரண்டாகவும் இருக்க முடியாது. தனலட்சுமி பிடிவாதம் பிடித்தாள்.

"நாலு வருஷமா ஒரு கிருமி வந்ததில்ல சிஸ்டர். இப்ப போயி முன்ன ரூம்புல, தெருப் புழுதியில செய்யச் சொல்றீங்களே. அவருக்கு எதுனா வந்தா யாரு பதில் சொல்றது?"

அவள் பயம் நியாயமானது. வயிற்றில் கிருமி வந்தால் சவ்வுக்கு அதைவிடக் கேடு இல்லை. ஆனால் மலம் அடைத்துக் கிடந்தாலும் குடலிலிருந்து கிருமி அதே சவ்வுக்கு வரலாம். முன் அறையில் பை மாற்றி ஒரு கிருமி வந்தால் பழி என்மேல் விழும், அதுவும் தெரியும். யோசித்துவிட்டுச் சொன்னேன்: "கிருமிய நீ பாத்துக்குவ, அது எனக்குத் தெரியும். அவரு வயித்த அடக்கிக்கினு உக்காந்தா உன்னாலயும் முடியாது, என்னாலயும் முடியாது."

அவள் முன் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "டிவிய அந்தப் பக்கம் தள்ளிட்டா இந்த மூல கெடைக்கும்" என்றாள். அப்படித்தான் முடிவாயிற்று. அந்த மூலைக்குத் துவைத்து மாற்றக்கூடிய ஒரு திரை. பை மாற்றும்போது கதவு, ஜன்னல், மின்விசிறி எல்லாம் அடைப்பு. நாங்களே இரண்டு நாள் போய் நின்று பார்த்தோம். பின்னறையில் பலகையை எடுத்தாள். பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மகன் சுவரில் ஓர் இரும்புக் கம்பி பதித்துக் கொடுத்தான்.

ஆனால் பெரியவர் அதில் போகிறாரா? அறையைத் திறந்துவிடுவது வேறு, ஒரு மனிதர் தன் கூச்சத்தை விடுவது வேறு. ஆஸ்பத்திரிக்கு வரும்போது கேட்டால், பழையபடி "போவுது" என்று விடுவாரோ என்று எனக்குச் சந்தேகம். வடிகிற அளவு நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சில மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் காலாப்பட்டு பஸ் ஏறினேன். இந்தமுறையும் கரும்புச்சாறு குடித்திருந்தேன். அந்தப் பழக்கத்தை மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

தனலட்சுமி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைக் கழுவினாள். நான் கேட்கவே இல்லை. அவளாகவே, "பஸ்ல வந்துருக்கீங்க, மொதல்ல பின்னால போயிட்டு வாங்க சிஸ்டர். அப்புறம் பேசலாம்" என்றாள்.

போனேன். கதவுக்குப் பக்கத்தில் புது வாளியும் சொம்பும் இருந்தன. கதவில் கை வைத்துத் தள்ளியதுதான் தாமதம், உள்ளேயிருந்து ஏலத்துக் குரல் கிளம்பியது. நான்காவது வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"உள்ள ஆளு இருக்குது!"

தனலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள். எனக்கு அவசரம்தான். ஆனாலும் அங்கேயே வெயிலில் நின்றேன். அவர் பொறுமையாக வெளியே வரட்டும் என்று காத்திருந்தேன்.